ஸ்டார்ட்டர் சாகவில்லை, பசியில் கிடக்கிறது

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ஆட்டாவும் தண்ணீரும் கலந்து சவர்டோ ஸ்டார்ட்டர் (ரொட்டியைப் பொங்க வைக்கும் புளித்த மாவு) வைத்தேன், இரண்டாம் நாளே பாட்டிலை விட்டு வழிந்தது, நாலாம் நாள் அப்படியே படுத்துவிட்டது, மேலே தண்ணீர் நிற்கிறது, நெயில் பாலிஷ் வாடை அடிக்கிறது, கொட்டிவிடட்டுமா?

கொட்டாதீர்கள். இரண்டாம் நாள் அப்படிப் பொங்க வைத்தது பெரும்பாலும் ஈஸ்ட் இல்லை, மாவோடு வந்த பாக்டீரியாக்கள். மாவு புளிக்கப் புளிக்க அவை அடங்கிவிடும். புளிப்பைத் தாங்குகிற ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாவும் தலையெடுக்க இன்னும் சில நாள் பிடிக்கும். நடுவில் வருகிற இந்த மந்தத்தைப் பார்த்துதான் பலரும் கைவிட்டுவிடுகிறார்கள்.

வாடையும் தண்ணீரும் பசியின் அடையாளம். 24 மணி நேரத்துக்கு ஒரு முறை மாவு போடச் சொல்லும் குறிப்புகள் குளிர்ந்த ஊர்ச் சமையலறைகளுக்கு எழுதியவை. மே மாதம் உங்கள் சமையலறை 32 டிகிரியைத் தாண்டும், இட்லி மாவு அங்கே எவ்வளவு சீக்கிரம் புளிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். போட்ட மாவை ஸ்டார்ட்டர் அரை நாளுக்குள் தின்று தீர்த்துவிட்டு மீதி நேரம் பட்டினி கிடக்கிறது.

இன்றைக்கே மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, 20 கிராம் ஸ்டார்ட்டர் மட்டும் எடுத்து, 40 கிராம் ஆட்டா, 40 கிராம் தண்ணீர் சேர்த்து நன்றாகக் கலக்குங்கள். காலை, இரவு இரண்டு வேளையும் இப்படி. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதனால் காய்ச்சி ஆறவைத்தது நல்லது. மூடியை இறுக்க வேண்டாம். பாட்டிலில் மாவு நிற்கும் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள், கடிகாரத்தை விட அதைத்தான் நான் நம்புவேன். மாவு அதைத் தாண்டி இரண்டு மடங்காகி, மேல்பக்கம் குவிந்து நின்று, அப்புறம் நடுவில் லேசாகக் குழிய ஆரம்பிக்கும் பாருங்கள், அதுதான் அடுத்த வேளைக்கான நேரம்.

தினமும் ஒழுங்காக இரண்டு மடங்கு ஏற ஆரம்பித்த பிறகு அளவை மாற்றுங்கள்: 5 கிராம் ஸ்டார்ட்டருக்கு 25 கிராம் மாவு, 25 கிராம் தண்ணீர். அப்போதும் வெயிலில் ஸ்டார்ட்டர் அவசரப்பட்டால் ஜில் தண்ணீர் ஊற்றுங்கள், அல்லது தண்ணீரை 15 கிராமாகக் குறைத்து கெட்டியாகப் பிசையுங்கள். பாதி மைதா கலந்தாலும் கொஞ்சம் நிதானப்படும், ஆட்டா எப்போதுமே வேகம். ஆனால் இந்த ஐந்து மடங்கு மாவு அளவை இப்போதே ஆரம்பிக்காதீர்கள், சேர்ந்திருக்கும் புளிப்பு நீர்த்துப்போய் மந்தம் இன்னும் நீளும்.

நன்றாகப் பழகியதும் ஃப்ரிட்ஜுக்கு மாற்றலாம். மாவு போட்டு ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு உள்ளே வையுங்கள், வாரம் ஒரு முறை மாவு போட்டால் போதும். ரொட்டி சுடுவதற்கு முந்தின நாள் வெளியே எடுத்து இரண்டு வேளை போட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு வேளையும் மீதியாக ஒதுக்கும் பழைய மாவில் வெங்காயம், பச்சைமிளகாய், சீரகம் போட்டு தோசை வார்க்கலாம், நன்றாகவே வரும். ஆனால் முதல் வாரத்து மாவு வேண்டாம், எந்தப் பாக்டீரியா இருக்கிறதென்று சொல்ல முடியாது. பூசணம் படிந்தாலோ, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறக் கோடு தெரிந்தாலோ மேலாக வழித்துவிட்டுத் தொடரலாம் என்று நினைக்காதீர்கள், மொத்தத்தையும் கொட்டிவிட்டு பாட்டிலைக் கொதிநீரில் கழுவி புதிதாக ஆரம்பியுங்கள்.