மலைப்பாதைக்கு 17 இஞ்ச் டயர் தேவையா?

கேள்வி: என்னிடம் 2019 ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ. இருக்கிறது. 165/80 ஆர்14 டயர், இரும்பு ரிம். வேலை விஷயமாக மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு அடிக்கடி ஏறி இறங்குகிறேன். மழை பெய்தால், வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகும் கார் நேராகவே இழுத்துக்கொண்டு போகிறது. 17 இஞ்ச் அலாய் ரிம்மும் 205/45 ஆர்17 பெர்ஃபார்மன்ஸ் டயரும் போட்டால் சரியாகிவிடும் என்று டயர் கடையில் சொல்கிறார்கள். டயர் ஜப்பானிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட், 80 சதவீதம் பட்டன் (கோடுகளுக்கு இடையே சாலையைத் தொடும் ரப்பர்) இருக்கிறதாம். போடலாமா?

பதில்: வேண்டாம். ஜப்பான் டயரும் வேண்டாம், 17 இஞ்சும் வேண்டாம். உங்கள் காரின் மேல் மாடலுக்குக் கம்பெனியே போட்டுத் தருகிற 185/65 ஆர்15 அளவுக்குப் போங்கள் (அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 இஞ்ச்). ஈரத்தில் நன்றாகப் பிடிக்கிற ரகமாக, புதிதாகத் தயாரான நான்கு டயர், பில்லோடு வாங்குங்கள். உங்கள் பிரச்சினைக்கு இது போதும். ஏன் என்று சொல்கிறேன்.

வளைவில் கார் நேராக இழுப்பதற்குக் காரணம், முன் டயர்கள் தண்ணீரை விலக்கிவிட்டுத் தார்ச்சாலையைத் தொட முடியாமல் போவது. டயரின் கோடுகளுக்கு நடுவே, அடியில் சின்ன மேடு மாதிரி ஒரு குறி இருக்கும். அந்த மேடு 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் டயரைக் கழற்றியே ஆக வேண்டும். ஆனால் மழையில் பிடிப்பு அதற்கு வெகுமுன்பே குறையத் தொடங்கிவிடும். மலையில் ஓட்டுபவர்கள் 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றுவது நல்லது. பட்டன் நிறைய இருந்தும் வழுக்கினால் டயர் வயதாகி ரப்பர் இறுகியிருக்கலாம், அல்லது காற்று சரியில்லாமல் இருக்கலாம். 2019 காரில் முதல் டயர்களே இன்னும் ஓடுகின்றன என்றால் வயது ஒன்றே போதும், மாற்றுவதற்கு. காற்றின் அளவை டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் அதிகபட்ச அளவு. அதைப் பார்த்துக் காற்றடிக்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன.

இப்போது அந்த 17 இஞ்ச் கதை. ‘மீட்டர் மாறாது சார்’ என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். அது உண்மைதான். உங்கள் பழைய டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 620 மில்லிமீட்டர், 205/45 ஆர்17 சுமார் 616. ஸ்பீடோமீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரிவது டயரின் பக்கச் சுவருக்கு. 165இல் 80 சதவீதம் என்றால் 132 மில்லிமீட்டர். 205இல் 45 சதவீதம் என்றால் 92தான். ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே இருக்கும் ரப்பரில் நாலு சென்டிமீட்டர் போய்விடுகிறது. நம் ஊர்ச் சாலையில் மழைத் தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரு பள்ளத்தில் வேகமாக இறங்கினால் பக்கச் சுவர் ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் இடையில் நசுங்கி, உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துபோகும். மறுநாள் காலையில் பார்த்தால் டயரின் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். அந்த டயர் அதோடு முடிந்தது, பஞ்சர் போட்டுக் காப்பாற்ற வழியில்லை. அடிபட்ட சேதம் என்று சொல்லி வாரண்டியும் தரமாட்டார்கள்.

எடை தாங்கும் எண்ணும் இருக்கிறது, இதைக் கடையில் யாரும் பேசுவதே இல்லை. அளவை அடுத்து 85டி, 88எச் என்று எழுதியிருக்குமே, அந்த எண்தான். 165/80 ஆர்14 டயரில் பெரும்பாலும் 85 இருக்கும். அதாவது ஒரு டயர் 515 கிலோ தாங்கும். சாதாரண 205/45 ஆர்17இல் 84, அதாவது 500 கிலோ. பார்க்கப் பெரிய டயர், தாங்குவதோ குறைவு! பலப்படுத்திய எக்ஸ்.எல். ரகம் என்றால் 88 வரும், ஆனால் கடையில் எது கையில் இருக்கிறதோ அதைத்தான் தருவார்கள். 185/65 ஆர்15இல் 88, 560 கிலோ. ஐந்து பேரும் சாமான்களுமாக மலை ஏறும் காருக்கு எது வேண்டும் என்று நீங்களே பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்து வேகத்துக்கானது. டி என்றால் 190 கிலோமீட்டர், எச் என்றால் 210. கம்பெனி போட்டுத் தந்த எழுத்துக்குக் கீழே இறங்காதீர்கள், அவ்வளவுதான்.

அகலமான டயர் என்றால் பிடிப்பு கூடும் என்பது காய்ந்த சாலைக்குப் பொருந்தும். தேங்கிய தண்ணீரில் அகல டயர் சீக்கிரமே மிதக்கத் தொடங்கும், விலக்க வேண்டிய தண்ணீர் அதிகம் அல்லவா? உங்கள் குறை மழையில்தான். அதற்கு 205 மருந்தல்ல, நோயைக் கூட்டுவது.

‘காரின் டயர் அளவை மாற்றாதீர்கள்’ என்று பொதுவாக எல்லோருக்கும் சொல்லும் நான் உங்களை மட்டும் 14இலிருந்து 15க்குப் போகச் சொல்கிறேன். இந்த ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பிடித்துக்கொண்டுதான் கடைகள் 16, 17 என்று ஏற்றிவிடுகின்றன. ஒரே கார், ஒரே இன்ஜின், ஒரே பிரேக், ஒரே சஸ்பென்ஷன். கீழ் மாடலுக்கு 165/80 ஆர்14, மேல் மாடலான இசட்.எக்ஸ்.ஐ.க்கு 185/65 ஆர்15. இரண்டையும் தயாரிப்பாளரே ஓட்டிப் பார்த்து, ஏ.பி.எஸ்.ஸையும் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) ஸ்டியரிங்கையும் அதற்கேற்ப அமைத்து விற்கிறார். மொத்த உயரத்தில் இரண்டு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் கிடையாது. மட்கார்டில் உரசாது, முழுதாகத் திருப்பினாலும் உரசாது. பக்கச் சுவர் 120 மில்லிமீட்டர் இருக்கிறது, பள்ளத்தைத் தாங்கும். 15 இஞ்சில் நல்ல ரகங்கள் நிறையக் கிடைக்கும். 165/80 ஆர்14இல் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் மைலேஜுக்காகச் செய்த டயர்கள்.

சட்டப்படியும் இது பாதுகாப்பான வழி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. உங்கள் காரின் கையேட்டில் இரண்டு அளவும் அச்சாகியிருந்தால், நாளைக்கு விபத்து என்று வந்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் கேள்வி கேட்டாலும் அந்தப் பக்கத்தைக் காட்டலாம். 17 இஞ்சுக்குக் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. போட்டுக் கொடுத்த கடைக்காரரும் அப்போது போனை எடுக்கமாட்டார். அலாயை மாருதி உதிரிபாகக் கடையில் ஒரிஜினலாகவே வாங்குங்கள். வெளி அலாய்களில் நடு ஓட்டை 67, 73 மில்லிமீட்டர் என்று பெரிதாக இருக்கும், அது மாட்டும் ஸ்விஃப்ட் ஹப்பின் நடுப்பகுதியோ 54.1. இடைவெளிக்கு வளையம் போடாமல் நட்டை மட்டும் நம்பி மாட்டினால் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் உதறும்.

சரி, எந்த டயர்? ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்பதற்கு நம் நாட்டில் எந்த வரையறையும் கிடையாது, யார் வேண்டுமானாலும் எதன் மேலும் ஒட்டலாம். சில டயர்களில் ‘டிரெட்வேர்’ என்று ஓர் எண் இருக்கும். 200 என்றால் மெத்தென்ற ரப்பர், பிடிப்பு அதிகம், சீக்கிரம் தேயும். 500க்கு மேல் என்றால் நீண்ட நாள் உழைக்கும், பிடிப்பு பொதுவாகக் குறையும். உங்களுக்கு 300, 400 பக்கம் போதும். ஆனால் அந்த எண்ணைத் தருவது அந்தந்தக் கம்பெனியே. ஒரு கம்பெனியின் 300ஐ இன்னொரு கம்பெனியின் 400உடன் வைத்துச் சண்டை போடுவதில் பயனில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் ‘டிராக்‌ஷன்’ என்று ஏ.ஏ., ஏ, பி, சி என ஓர் எழுத்து இருக்கும். ஈரச் சாலையில் நேராக பிரேக் போட்டுப் பார்த்த சோதனை அது. ஏ.வுக்குக் கீழே வாங்காதீர்கள்.

இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. ஐரோப்பாவில் கடைக்குப் போனால் ஒவ்வொரு டயரின் மேலும் ஈரத்தில் எவ்வளவு பிடிக்கும் என்று ஏ முதல் இ வரை எழுத்துப் போட்ட லேபிள் இருக்கும். 2012 முதல் கட்டாயம், 2021இல் அதை இன்னும் இறுக்கினார்கள். இங்கே ஈரப்பிடிப்புக்குக் குறைந்தபட்ச அளவு ஒன்றை வைத்துவிட்டு, எந்த டயர் அந்த அளவை விளிம்பில் தாண்டியது, எது மேலே நிற்கிறது என்பதை வாங்குபவருக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நட்சத்திர லேபிள் வந்திருக்கிறது, அது எரிபொருள் மிச்சத்துக்கு. வருஷத்தில் பாதி நாள் மழை பெய்யும் மலைகள் இருக்கிற நாட்டில், உயிரைப் பற்றிய எழுத்தை விட்டுவிட்டுப் பெட்ரோலைப் பற்றிய நட்சத்திரத்தை ஒட்டுவது என்ன நியாயம்?

அப்புறம், நான் யாரைப் பார்த்தாலும் சொல்லும் விஷயம்: தேதி. டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கங்களைப் பாருங்கள். 2325 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. ஆறு மாதத்துக்குள் இருந்தால் நல்லது, ஒரு வருஷம் வரை ஏற்கலாம், அதற்கு மேல் வேண்டாம். முழு எண் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். கடைக்காரர் அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டிவிட்டால், காரைத் தூக்கி அடியில் படுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே ரிம்மில் ஏற்றும் முன்பே, நான்கு டயரின் தேதியையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று புதிது, ஒன்று பழசு என்று கலந்து தருவதும் நடக்கிறது. ‘டிஸ்கவுண்ட் போட்டிருக்கேன் சார்’ என்று ஆரம்பித்தாலே முதலில் தேதியைத் தேடுங்கள்.

ஜப்பான் டயர் விஷயத்தில் தேதி இன்னும் மோசம். அங்கே பட்டன் தேயாமலே கழற்றியது ஏன் என்று யோசியுங்கள். வயதாகிவிட்டது, அல்லது அடிபட்ட காரிலிருந்து வந்தது. பனியில் ஓட்டுவதற்கென்று செய்த டயர்களும் அந்தக் குவியலில் கலந்து வரும். பக்கத்தில் மலையும் பனிச்செதிலும் போல ஒரு குறி இருந்தால் அது அந்த ரகம். நம் வெயிலில் அது குழைந்து தேயும். தேய்ந்த டயரில் சூடான பிளேடால் கோடு கிழித்து ‘80 சதவீதம்’ ஆக்குகிறவர்களும் இருக்கிறார்கள். விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். கோட்டின் அடியில் அந்த 1.6 மில்லிமீட்டர் மேடு காணாமல் போயிருந்தாலோ, அடிப்பாகம் சொரசொரப்பாக இருந்தாலோ உடனே கிளம்பிவிடுங்கள். இந்தியாவில் விற்கும் புதுக் கார் டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அது இல்லாத டயருக்கு என்ன பெயர் சொன்னாலும் காசு கொடுக்காதீர்கள்.

பில் கட்டாயம். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் கேளுங்கள். ‘பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்’ என்பவரிடம் வாரண்டியும் இருக்காது. நைட்ரஜனுக்குத் தனிக்காசு தேவையில்லை, சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். அந்தப் பணத்தை வீல் அலைன்மென்ட்டுக்குக் கொடுங்கள்.

கையில் பணம் குறைவாக இருந்து இரண்டே டயர்தான் வாங்க முடியும் என்றால் அளவை மாற்றாமல் 14இலேயே வாங்கிப் பின்னால் போடுங்கள். முன்னால் போடச் சொல்லிக் கடையில் வற்புறுத்துவார்கள், கேட்காதீர்கள். ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரை விட்டுச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுற்றிவிடும்.

நான்கும் 15க்கு மாறினால் உங்கள் பழைய 14 இஞ்ச் ஸ்டெப்னியைத் தூக்கிப் போட வேண்டாம். உயரம் ஏறக்குறைய ஒன்றுதான், பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டிப் போக அது போதும். மலையில் பஞ்சரானால் அதைப் பின்சக்கரத்தில் மட்டும் மாட்டுங்கள். முன்சக்கரம் பஞ்சர் என்றால் பின்னாலிருக்கும் 15ஐக் கழற்றி முன்னால் போட்டுவிட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டுங்கள். புது டயருக்கு தயாரிப்பின்போது படிந்த மேல்பூச்சு முதல் 300 கிலோமீட்டர் வரை போகாது, அதுவரை மழை நாளில் மலை இறக்கத்தில் கூடுதல் இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.