பணம் கட்டும் முன் பென் டிரைவைச் செருகுங்கள்

கேள்வி: மகள் கல்லூரியில் சேர்கிறாள். 30,000 ரூபாய்க்குள் லேப்டாப் வாங்கி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடலாம் என்றிருக்கிறோம். எந்த மாடல் வாங்குவது?
– வாசகர், தங்கச்சிமடம்

மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே மாடலில்கூட வைஃபை சிப் மாறி மாறி வரும். லினக்ஸில் முதலில் தகராறு செய்வதும் அதுதான். இன்டெல் வைஃபை என்றால் கவலையில்லை. பிராட்காம் சிப்புக்குப் பல நேரம் தனி டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) ஏற்ற வேண்டும். அதை இறக்கவே நெட் வேண்டுமே! அப்போது போனை கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போட்டு, போனின் நெட்டைக் கொண்டே சமாளிக்கலாம். மீடியாடெக் எம்டி7902 இருந்தால் விட்டுவிடுங்கள்; லினக்ஸ் டிரைவர் இல்லாமலே நெடுங்காலம் கிடந்த சிப் அது.

8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் மின்ட்டை ஏற்றிக் கடைக்கே கொண்டுபோங்கள். இன்ஸ்டால் செய்யாமலே ஓடும். வைஃபை, ஒலி, கேமரா பாருங்கள். மூடியைச் சாத்தித் திறந்தால் விழிக்கிறதா என்றும் பாருங்கள். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி தெரியவில்லையா? பழுது என்று பதற வேண்டாம், பயாஸில் (லேப்டாப் கிளம்பும்போது திறக்கும் அடிப்படை அமைப்புகள்) இன்டெல் விஎம்டி என்ற சேமிப்பக வசதி இயங்குவது காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் அதை அணைத்தால் தெரியும். ஆனால் உள்ளே விண்டோஸ் இருந்தால், அணைத்தபின் அது கிளம்பாமல் போகலாம்.

ரேம் 8 ஜிபி, எஸ்எஸ்டி 256 ஜிபி. மின்ட்டுக்கு 4 ஜிபி போதும்தான், பிரௌசருக்குப் போதாது. எஸ்எஸ்டிக்குப் பதில் 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகம் என்றால் வேண்டவே வேண்டாம். வேகம் குறைவு, போர்டிலேயே பற்றவைத்திருப்பதால் மாற்றவும் முடியாது.

இந்த விலைக்குப் புதியதைவிட, அலுவலகங்களில் ஓடிய திங்க்பேட் டி480 போன்ற ரீஃபர்பிஷ்டு (சரிபார்த்து மறுவிற்பனைக்கு வரும்) இயந்திரமே மேல் என்பேன். ரேமுக்கு இரண்டு ஸ்லாட் உண்டு. வெளி பேட்டரியைக் கழற்றி மாற்றலாம். டி480எஸ் என்று தந்தால் கவனம்: அதில் ஒரு பகுதி ரேம் போர்டோடு ஒட்டியது.

உங்கள் ஊருக்கு இன்னொன்று முக்கியம். கடல்காற்றை ஃபேன் உள்ளே இழுக்கிறது. உப்பு ஈரத்தைப் பிடித்துவைத்து ரேம் முனைகளையும் போர்ட்டுகளையும் அரிக்கும். பழைய இயந்திரம் என்றால் யூஎஸ்பி வாயில் பச்சை பூத்திருக்கிறதா, திருகு துருவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள். சூடு ஆறியபின் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு பையில் போடுங்கள்.

பழுதானால் சர்வீஸ் ஆள் உங்கள் ராமேஸ்வரம் தீவுக்கு வருவாரா, நீங்கள்தான் மதுரைக்குத் தூக்கிப்போக வேண்டுமா என்பதை பில் போடும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.