‘டிரெய்னி’ என்று பெயர் வைத்தால் குறைந்தபட்ச ஊதியம் கிடையாதா?

கேள்வி: ஐயா, என் மூத்த மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, கோவைப் பக்கம் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஓராண்டுக்கு மேலாக வேலை பார்க்கிறான். சேரும்போது ‘டிரெய்னி’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மாதம் 8,000 ரூபாய். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். சி.என்.சி. இயந்திரத்தைத் தனியாகவே இயக்குகிறான். குறைந்தபட்ச ஊதியம் கேட்டதற்கு, ‘டிரெய்னிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது’ என்று சொல்லிவிட்டார்கள். என் தம்பி சிறு பட்டறை வைத்திருக்கிறான். அவனோ, ‘அரசாங்கம் கூலியை ஏற்ற ஏற்ற அனுபவமில்லாத பையன்களை யாரும் எடுக்க மாட்டார்கள், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்’ என்கிறான். யார் சொல்வது சரி? இளைய மகனையும் அதே கம்பெனிக்குக் கூப்பிடுகிறார்கள். சேர்க்கலாமா?
— வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அம்மா, கம்பெனி சொன்னது நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களோடு பொருந்தவில்லை. உங்கள் தம்பியின் அச்சம் வேறு வகை. அதை அலட்சியம் செய்ய மாட்டேன், ஆனால் அதற்குப் பணிந்து உங்கள் மகன் உரிமையை விட்டுவிட வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம்.

2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத்தொகுப்பு, 2019 நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதற்கு முன்பு இருந்த 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், அட்டவணையில் சேர்க்கப்பட்ட தொழில்களுக்கு மட்டுமே பொருந்தியது. புதிய தொகுப்பு எல்லா ஊழியர்களையும் உள்ளடக்குகிறது. வெளியே நிறுத்தப்படுபவர்களில் நமக்கு முக்கியமானவர்கள் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி அமர்த்தப்பட்டவர்கள். அந்தச் சட்டப்படி அமர்த்துவது என்றால், பையனுக்கும் நிறுவனத்துக்கும் இடையே எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இருக்க வேண்டும். அது அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். என்ன தொழிலில், எவ்வளவு காலம் பயிற்சி என்பது அதில் இருக்க வேண்டும். கம்பெனி தானே அச்சடித்த தாளில் ‘டிரெய்னி’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கியதால் மட்டும் யாரும் தொழிற்பழகுநர் ஆகிவிடுவதில்லை. ‘குறைந்த சம்பளத்துக்குச் சம்மதிக்கிறேன்’ என்று உங்கள் மகன் எழுதிக் கொடுத்திருந்தாலும், சட்டப்படி சேர வேண்டிய தொகையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது.

8,000 ரூபாய் என்ற தொகையைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வலுத்தது. 2019இல் திருத்தப்பட்ட தொழிற்பழகுநர் விதிகளில் டிப்ளமோ முடித்தவர்களுக்குக் குறிக்கப்பட்ட குறைந்தபட்ச உதவித்தொகை அதேதான்; பட்டதாரிகளுக்கு 9,000. இதை உயர்த்தலாம் என்று மத்திய தொழிற்பழகுநர் கவுன்சில் 2025இல் பரிந்துரையும் செய்தது. சட்டத்திலிருந்து அந்தத் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதோடு வரும் கடமைகளைக் கம்பெனி விட்டுவிட்டதா என்பதைத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. ஒப்பந்தத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவு எண் இருந்தாலும்கூட வேலையின் தன்மையைப் பாருங்கள். தொழிற்பழகுநர் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் பழகுநரை மிகைநேரம் வேலை வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. பயிற்சிக்கோ பொதுநலனுக்கோ தேவை என்றால்தான் அந்த ஒப்புதலும் கிடைக்கும். தினமும் பன்னிரண்டு மணி நேரம் உற்பத்தி எண்ணிக்கை கொடுத்துக்கொண்டிருக்கும் பையன் எந்தப் பயிற்சியில் இருக்கிறான்? இன்னொன்று, ஒரு நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரைதான் பழகுநர்களை வைக்கலாம். ஷாப் ஃபுளோரில் பாதிப் பேர் ‘டிரெய்னி’ அடையாள அட்டையோடு நின்றால் கணக்கு அங்கேயே இடிக்கிறது. சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்களா என்றும் பாருங்கள். பிடித்தால், அவன் ஊழியர்தான் என்பதற்குக் கம்பெனியின் கையாலேயே ஒரு சான்று கிடைத்துவிட்டது.

எவ்வளவு வர வேண்டும் என்பதைக் கணக்கிடத் தமிழ்நாட்டுத் தொழிலாளர் துறையின் அறிவிக்கைகளைப் பாருங்கள். புதிய விகிதங்கள் வரும்வரை பழைய அறிவிக்கைகளே நீடிக்கும். அடிப்படை ஊதியத்தோடு அகவிலைப்படியையும் கூட்ட வேண்டும். அந்தப் படி சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 முதல் மாறும். அடிப்படையை மட்டும் காட்டி ‘இதோ கொடுக்கிறோமே’ என்று சொல்லும் நிறுவனங்கள் பல உண்டு. அடுத்து, எந்தப் பிரிவில் சேர்க்கிறார்கள் என்று கவனியுங்கள். இயந்திரத்தைத் தனியாக இயக்கும் டிப்ளமோக்காரனைத் திறன்சாராத் தொழிலாளியாகக் காட்டினால் ஏற்காதீர்கள்.

மிகைநேரத்தை மறந்துவிடாதீர்கள். அதற்கு வழக்கமான விகிதத்தைப்போல் குறைந்தது இருமடங்கு தர வேண்டும். எட்டு மணி நேரம் ஒரு நாள் வேலை என்றால், மீதி நான்கு மணி நேரத்துக்கு எட்டு மணி நேரக் கூலி. ஓய்வு நேரம் போக உண்மையிலேயே பன்னிரண்டு மணி நேரம் உழைத்த ஒவ்வொரு ஷிப்டுக்கும் உங்கள் மகனுக்கு இரண்டு நாள் கூலி சேர வேண்டும். ஓராண்டுக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால், அடிப்படைச் சம்பளத்தில் விட்டதைவிட இதில் விட்டது அதிகமாகக்கூட இருக்கலாம்.

இனி உங்கள் தம்பியின் வாதம். கூலியை உயர்த்தினால் அனுபவமில்லாத இளைஞர்களுக்கு வேலை போய்விடுமா? பொருளாதார அறிஞர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதைத்தான் சண்டை போட்டுப் பார்த்துவருகிறார்கள். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரு பக்கத்திலுமாக 410 துரித உணவகங்களை ஒப்பிட்டார்கள். வேலை செய்தவர்களில் பலர் பதின்பருவத்தினர். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை. அந்த முடிவை மறுத்தவர்களும் உண்டு. ஆனாலும் கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு இருந்தது. நியூசிலாந்து 2001இல் இன்னும் துணிந்தது. 18, 19 வயதினரின் குறைந்தபட்சக் கூலியை ஒரேயடியாக 69 சதவீதம் ஏற்றியது. ஆராய்ந்தவர்கள் உடனடி வேலையிழப்பு எதையும் காணவில்லை.

டென்மார்க்கின் அனுபவம் உங்கள் தம்பிக்குச் சாதகமாகத் தோன்றும். அங்கே 18 வயது நிறையும்போது கூலி சுமார் 40 சதவீதம் தாவுகிறது. அதே நேரத்தில் அந்த வயதினரின் வேலைவாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு சரிகிறது என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. இதைப் படிப்பவர்கள் ‘பார்த்தீர்களா, கூலி ஏறினால் வேலை போகிறது’ என்பார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. பதினேழு வயதில் மலிவு, பதினெட்டில் விலை அதிகம் என்று ஒரு கோடு கிழித்துவிட்டால், முதலாளிகள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களைப் பிடித்துக்கொண்டு, தாண்டியவர்களை விட்டுவிடுகிறார்கள். மலிவுக்குக் காலக்கெடு இருந்தால் வேலைக்கும் அதே காலக்கெடு வந்துவிடுகிறது. ‘டிரெய்னி’ என்ற பெயருக்கும் இதே விளைவுதான் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அவனுக்கு இரண்டு வருடம் முன்பு டிரெய்னியாகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்று நிரந்தர ஊழியராக அங்கே இருக்கிறார்கள்? விரல் விட்டு எண்ணும்படி பதில் வந்தால், குறைந்த சம்பளத்தைப் பொறுத்துக்கொள்வது அவன் வேலையைக் காப்பாற்றாது. அவன் விலை ஏறும் நாளில் அடுத்த பையன் வந்துவிடுவான்.

இது உங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களைப் பழகுநர் என்று சொல்லி மூன்று ஆண்டுகள் வைத்து, முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். காலம் முடியும் முன் உடல்நலம் கெட்டு வீடு திரும்பிய எத்தனையோ பெண்கள் அந்தத் தொகையைக் கண்ணால் பார்க்கவில்லை. பழகுநர்களுக்கென்றே குறைந்தபட்ச ஊதியத்தைத் தமிழ்நாடு அரசு 2008இல் அறிவிக்க வேண்டிவந்தது அதனால்தான்.

நம் நாட்டு இளைஞர்களின் வேலையின்மைக்குக் குறைந்தபட்ச ஊதியத்தைக் காரணம் காட்டுவது எண்களோடும் ஒத்துப்போகவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித வளர்ச்சிக் கழகமும் 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் பட்டதாரி இளைஞர்களில் 29.1 சதவீதம் பேருக்கு வேலையில்லை. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் 3.4 சதவீதம் பேருக்கு. குறைந்தபட்ச ஊதியம் என்ற கூலித் தளம்தான் வாசலை அடைக்கிறது என்றால், அந்தத் தளத்துக்கு மிக அருகில் நிற்கும் படிக்காதவர்கள் அல்லவா முதலில் வெளியே தள்ளப்பட்டிருக்க வேண்டும்? படித்த படிப்புக்கு ஏற்ற வேலை இல்லாததே இங்கே பெரிய சிக்கல்.

ஆனாலும் உங்கள் தம்பி போன்றவர்களின் நெருக்கடி உண்மை. ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்யும் சிறு பட்டறைக்கு விலையைத் தீர்மானிக்கும் உரிமை இல்லை. மேலே இருக்கும் பெரிய கம்பெனி ரேட்டை அழுத்துகிறது. பட்டறைக்காரர் பையனின் கூலியை அழுத்துகிறார். ஊரில் நடைமுறையில் இருக்கும் கூலிக்கு வெகு மேலே தளத்தை வைத்தால் சிறிய இடங்களில் ஆள் குறைப்பு நடக்கத்தான் செய்யும். அதை மறுத்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதற்குச் சட்டப்படியான வழி உண்டு என்பதை அவரிடம் சொல்லுங்கள். புதுப் பையனுக்கு முழுக் கூலி கொடுத்துக் கற்றுத்தர முடியாது என்றால், அவனைத் தொழிற்பழகுநராகப் பதிவு செய்யலாம். நான்கு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் சிறு இடங்களும் விருப்பப்பட்டால் இதில் சேரலாம். தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே ஏற்கிறது. டிப்ளமோ, பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு வேறொரு திட்டம் உண்டு. சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் அதைக் கவனிக்கிறது. குறைந்த தொகை கொடுக்கச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பதிலுக்கு உண்மையாகக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறது.

இப்போது உங்கள் மகன் செய்ய வேண்டியது. முதல் வேலை, ஆதாரம் சேர்ப்பது. கையெழுத்திட்ட தாளின் நகல், அடையாள அட்டை, வங்கிக் கணக்கில் சம்பளம் விழுந்த விவரம், ஷிப்ட் அட்டவணை, சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வேலை உத்தரவுகள் எல்லாம் பயன்படும். தினமும் வந்த நேரம், போன நேரத்தை ஒரு நோட்டில் குறித்துவரச் சொல்லுங்கள். முழு ஊதியம் கொடுத்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டம் முதலாளியின் மேல்தான் வைக்கிறது. என்றாலும் அவன் அங்கே வேலை செய்தான் என்பதைக் காட்டும் சான்று அவன் கையில் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டு தருவதும் கட்டாயம். தராவிட்டால் எழுத்தில் கேட்கட்டும். இடையில் காண்ட்ராக்டர் இருந்து, அவர் பணம் தராமல் விட்டால், கம்பெனியே பொறுப்பேற்க வேண்டும்.

தனியாகப் போவதைவிட நான்கைந்து டிரெய்னிகள் சேர்ந்து போவது நல்லது. பதிவு பெற்ற தொழிற்சங்கமே அவர்கள் சார்பில் மனு கொடுக்கலாம். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்திலும், கடை போன்ற நிறுவனம் என்றால் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்திலும் புகாரைத் தொடங்கலாம். பாக்கிக் கோரிக்கைக்குப் பழைய சட்டம் ஆறு மாத அவகாசம்தான் தந்தது. புதிய தொகுப்பு மூன்று ஆண்டுகள் தருகிறது. பாக்கியோடு, அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு உரிமை உண்டு.

வேலை போய்விடுமோ என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. புகார் கொடுத்தவரை வேறு காரணம் சொல்லி வெளியேற்றுவது நடக்கிறது. ஆனால் பன்னிரண்டு மாதங்களில் 240 நாட்கள் வேலை செய்த தொழிலாளியை ஆள்குறைப்பு என்று அனுப்புவதற்கு ஒரு மாத நோட்டீஸும், ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில் இழப்பீடும் உண்டு. உங்கள் மகன் அந்த வரம்பைத் தாண்டியிருப்பான். அப்படியும் தயக்கம் இருந்தால், இப்போது ஆதாரங்களைச் சேர்த்துக்கொண்டு, வேறு இடத்தில் வேலை உறுதியானபின் மனு கொடுக்கட்டும். பாக்கி சேர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் என்றால், விலகிய பிறகும் அவன் மனு கொடுக்கலாம். விலகினால் கடைசிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்பதும் சட்டம்.

இளையவனைப் பொறுத்தவரை, சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். தொழிற்பழகுநராக எடுப்பதாகச் சொன்னால் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தமும், எந்தத் தொழிலில் எத்தனை மாதப் பயிற்சி என்ற விவரமும், முடிவில் கிடைக்கும் சான்றிதழின் பெயரும் எழுத்தில் வர வேண்டும். வேலைக்கு எடுப்பதாகச் சொன்னால் பதவியும் சம்பளமும் குறித்த நியமனக் கடிதம் வர வேண்டும். இரண்டையும் தர மறுத்தால் அங்கே அனுப்ப வேண்டாம். உங்கள் மாவட்ட அரசு ஐ.டி.ஐ.யில் தொழிற்பழகுநர் சேர்க்கை முகாம் எப்போது என்று கேட்டு, அவன் பெயரை இணையதளத்தில் பதிவு செய்துவையுங்கள்.