ரவுட்டரில் செய்த மாற்றங்களைச் சேமித்து, பாதுகாப்பாக மறுதொடக்கம் செய்வது எப்படி?

நீங்கள் ஓர் இடத்தில் இருந்துகொண்டு இன்னொரு கிளையில் இருக்கும் சிஸ்கோ ரவுட்டரில் கை வைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பெட்டியின் பக்கத்திலேயே நிற்பவருக்கு இணைப்பு அறுந்து வெளியே மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் வராது.

"முதலில் ரைட் மெமரி (சேமிக்கும் கட்டளை) கொடுங்கள், பிறகு ரீலோட் (மறுதொடக்கம்)" என்று பலரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. நீங்கள் கொடுக்கும் கட்டளை உடனே நடைமுறைக்கு வருகிறது; ஆனால் அது அணைந்தால் அழிந்துவிடும் நினைவகமான ரேமில், ரன்னிங் கொன்ஃபிக் என்ற நடப்பு அமைப்பில் மட்டுமே இருக்கிறது. மறுபடி எழும் ரவுட்டர் வாசிப்பது அணைந்தாலும் அழியாத என்விரேமில் உள்ள ஸ்டார்ட்டப் கொன்ஃபிக்கை, அதாவது சேமித்த அமைப்பை. சோதிக்காத மாற்றத்தைச் சேமித்தால், பழைய நிலைக்குத் திரும்பும் வழியை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள்.

ஆகவே மாற்றத்தைத் தொடுவதற்கு முன்பே 'ரீலோட் இன் 10' கொடுங்கள். யாரை உள்ளே விடுவது என்று சொல்லும் அக்சஸ் லிஸ்டில் ஒரு வரி பிசகி உங்கள் இணைப்பே அறுந்தாலும், பத்து நிமிடத்தில் ரவுட்டர் பழைய அமைப்போடு தானாக எழும். எல்லாம் சரியென்றால் 'ரீலோட் கான்சல்', பிறகு 'ரைட் மெமரி'. இதைவிட நேர்த்தியான வழிகள் இருப்பது எனக்கும் தெரியும். இது பழைய பெட்டிகளிலும் வேலை செய்யும். மைக்ரோடிக் என்ற வேறு நிறுவன ரவுட்டர் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அதில் மாற்றங்கள் உடனுக்குடன் சேமிக்கப்படும், இணைப்பு அறுந்தால் மாற்றங்களைத் திரும்பப் பெற அதற்கு சேஃப் மோட் இருக்கிறது.

சேமிக்காமல் விடுவதன் விலையையும் பார்த்திருக்கிறேன். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை நீண்டது. கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கும் அதன் கண்டிக் கிளைக்கும் விபிஎன் (இணையம் வழியாக இரண்டையும் இணைக்கும் தனிப் பாதை) போட்டவர் வேறொருவர். யூபிஎஸ் பற்றரி தீர்ந்து ரவுட்டர் அணைந்தது. மின்சாரம் வந்தது, கண்டி வரவில்லை. அந்த வாரம் பிரிண்டர் பொருத்தப் போயிருந்தேன் என்பதற்காக முதலாளி என்னை ஏசினார். கன்சோல் கேபிளைச் செருகி, ஸ்டார்ட்டப் கொன்ஃபிக்கை அவர் கண்முன்னே திறந்து காட்டினேன். அந்த விபிஎன் பாதைக்கான ஒரு வரிகூட அதில் இல்லை. மாதக்கணக்கில் ஓடிய இணைப்பை ஒருமுறையேனும் யாரும் சேமிக்கவில்லை!

எல்லாவற்றையும் புதிதாக எழுதி முடிக்க நள்ளிரவு தாண்டியது. பெற்றோல் வரிசைக் காலம். வெள்ளவத்தைக்குத் திரும்ப முச்சக்கரவண்டி அகப்படவில்லை. பெட்டிக்கும் கேபிளுக்கும் கேட்ட விலையைக் கொடுக்கிறவர்கள், இரவில் வந்து வேலை செய்கிறவனிடம் மட்டும் "தம்பி, பார்த்துப் போடுங்கள்" என்று பேரம் பேசுகிறார்கள். இதைச் சொன்னால் பேராசை என்பார்கள். சொல்லட்டும்.

இன்னொன்று: மறுதொடக்கத்துக்கு முன் 'ஷோ வேர்ஷன்' கொடுத்துக் கடைசி வரியைப் பாருங்கள். ரவுட்டர் எப்படி எழ வேண்டும் என்று சொல்லும் எண் அங்கே இருக்கும்; வழக்கமாக அது 0எக்ஸ்2102. யாரோ கடவுச்சொல்லை மீட்டபின் 0எக்ஸ்2142 என்றே விட்டுப் போயிருந்தால், நீங்கள் எத்தனை முறை சேமித்தாலும் ரவுட்டர் ஸ்டார்ட்டப் கொன்ஃபிக்கை வாசிக்காமல் வெறுமையாகத்தான் எழும்.