எச்சரிக்கத்தானே அனுப்பினேன்?

கேள்வி: எங்கள் பங்காளிகள் வாட்ஸ்அப் குரூப்பில் 140 பேர். மலேசியா, சென்னை என்று இருப்பவர்களுக்குப் முன்னோருக்குப் படைக்கும் படைப்புத் தேதி சொல்வதற்காக நான்தான் தொடங்கினேன், அட்மினும் நான்தான். முந்தாநாள் ஒருவர், ஒரு பெண் குளிப்பதை மறைந்திருந்து எடுத்த வீடியோவைப் போட்டுவிட்டார். பார்த்தால் அடுத்த தெருப் பெண். அவள் வீட்டுக்குத் தெரியட்டும் என்று தேவகோட்டையில் இருக்கும் தங்கைக்கும் இரண்டு சிநேகிதிகளுக்கும் அனுப்பினேன். 'போலீஸ் கேஸ் ஆகும்' என்கிறார் மருமகன். பயமாக இருக்கிறது. - ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: ஆச்சி, மருமகன் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். உங்கள் நல்லெண்ணத்தை நான் நம்புகிறேன். ஆனால் நீங்கள் அனுப்பியதும் அந்தப் பெண்ணின் மானம் இன்னும் மூன்று போன்களில் போய் இறங்கிவிட்டது.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு, மறைந்திருந்து எடுத்தவரோடு பரப்புகிறவரையும் சேர்த்தே பிடிக்கிறது. முதல் முறைக்கே ஓராண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாண்டு வரை போகலாம். 'எச்சரிக்கத்தான்' என்பதை வக்கீல் எடுத்துச் சொல்லலாம், ஆனால் வழக்கே வராது என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் இன்னும் கடுமை: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். அப்புறம் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் இருக்கிறது.

அட்மின் என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டாம். நம் சிவகங்கை மாவட்டத்துக்கும் உரிய சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021-லேயே, அட்மினாக இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யாதவரை வழக்கில் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. உங்களுக்குச் சிக்கல் அந்த மூன்று ஃபார்வேர்டுதான்.

இன்றைக்கே ஒரு வக்கீலைப் பாருங்கள். போட்டவரின் எண், தேதி, நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அதுவும் இன்னொரு பிரதிதான். எழுதியதும், அட்மினுக்கு உள்ள வசதியைக் கொண்டு குரூப்பில் எல்லோருக்கும் அழித்துவிடுங்கள். போட்டதிலிருந்து சுமார் இரண்டரை நாளுக்குள் செய்தால்தான் முடியும். தங்கைக்கும் சிநேகிதிகளுக்கும் அனுப்பியதையும் அப்படியே நீக்கி, அவர்களிடம் பேசி கேலரியில் தானாக இறங்கியதையும் அழிக்கச் சொல்லுங்கள். குரூப்பைக் கலைக்காதீர்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள். போட்டவர் பங்காளி என்பதற்காக அவரை மறைக்கவும் வேண்டாம். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம்.

அப்புறம் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நேரில் போங்கள். முகப்பில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது பேச்செடுக்க வேண்டாம். இரண்டாங்கட்டுக்குள் போய் அவள் ஆத்தாவிடம் தனியாகச் சொல்லுங்கள். போனை எடுத்துக் காட்டாதீர்கள். நீங்களும் அனுப்பிவிட்டதை மறைக்காதீர்கள். கோபப்படுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். புகார் எழுத உட்காரும்போது அந்தப் பெண்ணுக்குக் கை நடுங்கும். பக்கத்தில் இருங்கள், ஆச்சி.