காலை நேரக் கை நடுக்கம் பற்றி

அன்புள்ள சகோதரிக்கு,

காரைக்குடியில் கடை நடத்தும் உங்கள் கணவர் ஒரு நாளும் கடையை அடைத்ததில்லை, இரவில் மட்டுமே குடிக்கிறார் என்பதால் இதைக் குடிநோய் எனலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொழில் தடைபடாததை மட்டும் வைத்து அப்படி இல்லை என்று சொல்லிவிட முடியாது. நீங்கள் போகிறபோக்கில் எழுதியவையே எனக்குக் கவலை தருகின்றன: முன்பு ஒரு குவார்ட்டரோடு நிறுத்தியவருக்கு இப்போது இரண்டும் போதவில்லை, காலையில் காபி டம்ளரைப் பிடிக்கும்போது விரல்கள் நடுங்குகின்றன, பிள்ளையார் நோன்பன்று எல்லோரும் நோன்புப் பிரசாதமான இழையை எடுத்துக்கொள்ளக் கூடியிருந்த வேளையில், பின்கட்டில் ஒளித்து வைத்திருந்த பாட்டிலைத் தேடிப் போயிருக்கிறார். உடல் மதுவுக்குப் பழகி, அது குறையும்போது தவிக்கிறது என்பதையே அந்த நடுக்கம் பெரும்பாலும் காட்டுகிறது.

ஆகவே, குன்றக்குடி முருகன் கோயிலுக்கு அழைத்துச் சென்று அன்றே நிறுத்துமாறு சத்தியம் வாங்கிவிடாதீர்கள். இந்த நிலையில் மருத்துவக் கண்காணிப்பின்றித் திடீரென நிறுத்தினால், முதல் 2 நாட்களுக்குள் வலிப்பும், அதையடுத்து மனக்குழப்பமும் மாயக் காட்சிகளும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மனநல மருத்துவரிடம் நடுக்கத்தைச் சொல்லுங்கள். கணவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். வலிப்பு வந்தாலோ பிதற்றினாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.