தாமிரபரணி மீன்களைத் தொட்டியில் காட்ட: கேள்வி பதில்

பள்ளியிலோ ஊர் நூலகத்திலோ நம் ஆற்று மீன்களை மக்கள் பார்க்கும்படி வைக்க நினைப்பவர்கள் கேட்டவை இவை.

அம்பை ஆசிரியை: அண்ணாச்சி, நாலடித் தொட்டி வாங்கியாச்சு. நாளைக்கே மீன் விடலாமா?

வேண்டாம் டீச்சர். ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் விளிம்பு வரை சுமார் 255 லிட்டர் பிடிக்கும். மீன் கழிவின் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் மீன் விட்டால் அமோனியா ஏறிச் செவுள் புண்ணாகும். ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாங்க; அது அழுகி வரும் அமோனியாவில்தான் பாக்டீரியா பெருகும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் ஏறி, இறங்கி, பூஜ்ஜியம் ஆன பிறகு நாலைந்து சிறு மீனோடு தொடங்குங்க. ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவிடாதீங்க. குளோரின் அந்த பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசணும். வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்க. புதுத் தண்ணீரை 24 மணி நேரம் ஏர் பம்ப் ஓடவிட்டு வைத்தபின் ஊற்றணும்.

பாளையங்கோட்டை வாசகர்: சித்திரை வெயிலில் மீன் மேலே வந்து வாய் பிளக்குது. என்ன மருந்து?

முதலில் எந்த மீன் என்று பாருங்க. விரால், குறவை, பனையேறிக் கெண்டை மூன்றும் காற்றையே சுவாசிப்பவை. அடிக்கடி மேலே வருவது அவற்றின் இயல்பு. அவற்றுக்கு மூடிக்குக் கீழே நாலு விரல் இடைவெளி விடுங்க, மேலே வலையும் கட்டுங்க. துள்ளி வெளியே விழும். மற்ற கெண்டைகள் மேலே வந்தால் ஆக்சிஜன் குறைவு. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். மருந்து ஊற்றினால் நிலைமை மோசமாகும். தண்ணீர்ப் பரப்பில் படும்படி சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். கரண்ட் போகும் ஊரில் பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம்.

களக்காடு மாணவர்: மலையோடையில் பிடிக்கலாமா சார்?

புலிகள் காப்பகத்துக்குள் கூடாது தம்பி. டாகின்சியா தாம்ப்ரபர்னியே என்ற மீன் நம்ம ஆற்றுப் படுகைக்கே உரியது. ஆணின் முதுகுத் துடுப்பு நூல் நூலாக நீளும். அதைப் படமாக மாட்டி, தமிழில் விவரம் எழுதுங்க. தொட்டிக்குக் குளத்து மீன் பிடிப்பவர்களிடம் ஆரல், அயிரை கேளுங்க. மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்தே சேர்க்கணும்.

வீரவநல்லூர் வாசகி: மிஞ்சின மீனை வாய்க்காலில் விட்டுடலாமா அண்ணாச்சி?

கூடவே கூடாதும்மா. டேங்க் கிளீனர் தென் அமெரிக்க மீன். கரையைக் குடைந்து முட்டையிடும். ஜிலேபிக் கெண்டை 1952இல் இந்தியாவுக்கு வந்தது; குஞ்சை வாயில் வைத்துக் காப்பதால் வேகமாகப் பெருகிவிட்டது. நம்ம ஊர் மீனாக இருந்தாலும் தொட்டி நோய் ஆற்றுக்குப் போகும். வேறு தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுங்க. மாற்றும் தண்ணீரையும் வாய்க்காலில் கொட்டாமல் தென்னைக்கு ஊற்றுங்க.